கோர்ட் தந்தாலும் கணவன் தர வேண்டிய விவாகரத்து

கேள்வி:

லண்டனில் ஹெண்டன் பகுதியில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் தோழி யூதப் பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கணவரைப் பிரிந்து மூன்று வருடம் ஆகிறது. சிவில் கோர்ட்டில் விவாகரத்தின் முதல் கட்டமான கண்டிஷனல் ஆர்டர் வந்துவிட்டது, அதை முடித்துவைக்கும் ஃபைனல் ஆர்டர் இன்னும் வரவில்லை. ஆனால் ‘கெட்’ என்கிற மத விவாகரத்துச் சீட்டைத் தர மாட்டேன் என்று கணவர் அடம்பிடிக்கிறார். வீட்டில் அவளுக்கு உள்ள பங்கை விட்டுக்கொடுத்தால் தருவாராம். “கோர்ட் தருகிற விவாகரத்து போதாதா? பெண்ணை இப்படிக் கட்டிப்போடுகிற மதம் எதற்கு, விட்டுத் தள்ளிவிட்டு வா” என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. தன்னைப் பெண்ணியவாதி என்றும் சொல்லிக்கொள்கிறாள், சனிக்கிழமை போனைக்கூடத் தொடுவதில்லை. இது முரண்பாடு இல்லையா? அவளுடைய தங்கைக்கும் இந்த வருடம் கல்யாணம். போலீசுக்குப் போகச் சொல்லலாமா? நான் எப்படி உதவுவது?

— வாசகி, லண்டன்

பதில்:

அன்புச் சகோதரி,

மற்றதெல்லாம் பேசுவதற்கு முன் ஒரு அவசரமான விஷயம். ஃபைனல் ஆர்டர் இன்னும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது வராமல் இருப்பது இப்போதைக்கு உங்கள் தோழிக்கு நல்லது. சிவில் விவாகரத்தைக் கேட்டு விண்ணப்பித்தது அவரா, கணவரா என்று கேளுங்கள். அவர் விண்ணப்பித்திருந்தால், “சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம்” என்று ஃபைனல் ஆர்டருக்கு அவசரப்பட்டு மனு போட வேண்டாம். கணவர் விண்ணப்பித்திருந்தால், அல்லது அவர் மனு போடக்கூடும் என்று தோன்றினால், இந்த வாரமே ஒரு குடும்பச் சட்ட வழக்கறிஞரை (சொலிசிட்டரை) பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 2002-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, யூத முறைப்படி திருமணம் செய்தவர்களில் யார் கேட்டாலும், மத விவாகரத்துக்கு வேண்டியதை இருவரும் செய்துவிட்டோம் என்று அறிவிக்கும்வரை சிவில் விவாகரத்தை முடிக்காமல் கோர்ட் நிறுத்திவைக்கலாம். ஃபைனல் ஆர்டர் கைக்கு வந்த பிறகு இந்தக் கதவு மூடிவிடும். விண்ணப்பித்தவர் சும்மா இருந்தாலும், அவர் மனு போட முடிகிற நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து எதிர்த்தரப்பே ஃபைனல் ஆர்டர் கேட்கலாம். ஆகவே காத்திருந்தால் மட்டும் போதாது, நிறுத்திவைக்கும் உத்தரவைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி உங்கள் மனதை உறுத்துகிற கேள்விக்கு வருகிறேன். “மதத்தை விட்டு வந்துவிடு” என்று நீங்கள் அன்பில்தான் சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த யோசனை அவருடைய சிக்கலைத் தீர்க்காது. ஏன் என்று புரிந்துகொண்டால் அவர் முகம் திருப்பிக்கொண்டதும் புரியும்.

யூத மதச் சட்டத்தில் திருமணத்தை ரபி என்கிற மத குருவோ நீதிமன்றமோ முறிப்பதில்லை. கணவன் மனைவிக்கு எழுத்தில் தரும் சீட்டுதான் முறிக்கிறது. பைபிள் படித்தவர்களுக்கு உபாகமம் 24-ஆம் அதிகாரத்தில் வரும் ‘தள்ளுதலின் சீட்டு’ தெரிந்திருக்கும். அதுதான் கெட். அந்தச் சீட்டு அவள் கைக்கு வராதவரை, சிவில் கோர்ட் என்ன சொன்னாலும் மதத்தின் கண்ணில் அவள் இன்னொருவனின் மனைவி. அவள் வேறொரு யூதரோடு வாழ்ந்து குழந்தை பெற்றால் அந்தக் குழந்தை ‘மம்சேர்’ ஆகிவிடுகிறது. மம்சேர் இன்னொரு மம்சேரையோ, யூத மதத்துக்கு மாறி வந்தவரையோ தவிர வேறு எந்த யூதரையும் மணக்க முடியாது. அந்தத் தடை அதன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தொடரும். பத்தாம் தலைமுறை வரை என்கிறது வேதம். எத்தனை தலைமுறையானாலும் தீராது என்றே ரபிகள் அதைப் புரிந்துகொண்டார்கள். உங்கள் தோழி நாளைக்கே மதத்தை விட்டுவிடுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். அவருக்குப் பிறக்கப்போகும் மகள் இருபது வயதில் திரும்பி வந்து ஜெப ஆலயத்தில் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டால்? அம்மா எடுத்த முடிவுக்கு மகள் தண்டனை அனுபவிப்பாள். உங்கள் தோழி இதையெல்லாம் யோசித்துத்தான் காத்திருக்கிறார். (இப்போதுள்ள இரண்டு பிள்ளைகளுக்கு இதனால் எந்தக் குறையும் இல்லை. அந்தப் பயம் அவருக்கு இருக்காது, உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள்.)

ஆணுக்கு இந்தக் கதி இல்லை. மனைவி கெட் வாங்க மறுத்தாலும் அவன் வேறொரு மணமாகாத பெண்ணோடு வாழ்ந்து பெறும் குழந்தைக்கு எந்தக் களங்கமும் வராது. ஐரோப்பிய வழி வந்த அஷ்கெனாசி யூதர்களிடையே, நூறு ரபிகள் கையெழுத்திட்டு அனுமதி தந்தால் முதல் திருமணம் முறியாமலே இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவும் அவனுக்கு வழி உண்டு. அவளுக்கு நூறு அல்ல, ஆயிரம் ரபிகள் கையெழுத்துப் போட்டாலும் அப்படி ஒரு வழி கிடையாது. இப்படி மாட்டிக்கொண்ட பெண்ணை ‘அகுணா’ என்கிறார்கள். இது அநியாயம். பக்தியுள்ள யூதப் பெண்களே பல பத்தாண்டுகளாக இதை அநியாயம் என்று சொல்லி வருகிறார்கள்.

கெட் கொடுக்கும் சடங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தோழி உங்களைக் கூட வரச் சொன்னால், அங்கே என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது.

‘பேத் தின்’ என்பது மூன்று நீதிபதிகள் அமரும் ரபிகளின் நீதிமன்றம். அங்கே தாளும் இறகுப் பேனாவும் மையும் வைத்துக்கொண்டு ஒரு எழுத்தர் இருப்பார். முதலில் அவர் அதையெல்லாம் கணவனுக்கே கொடுத்துவிடுவார், கணவன் தன் சொந்தப் பொருளாகத் தூக்கிக் காட்டி, ‘இதில் என் மனைவிக்குச் சீட்டு எழுது’ என்று திரும்பக் கொடுக்க வேண்டும். முழுக்க அவன் விருப்பத்தில் நடக்கிறது என்பதற்கான ஏற்பாடு அது. அராமிய மொழியில் சரியாக 12 வரி. ஊர், அந்த ஊரின் ஆறு, இருவர் பெயர், தந்தையர் பெயர், வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பெயர்கூட விடாமல் எழுத வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் செல்லாது. ஏன் பிரிகிறார்கள் என்ற காரணம் மட்டும் அதில் எங்குமே இருக்காது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டதும் மனைவி மோதிரங்களைக் கழற்றிவிட்டு இரண்டு கைகளையும் குவித்து நீட்ட வேண்டும். மடித்த சீட்டை அவன் அந்தக் கைகளில் போடுவான். அவள் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் சில அடி நடந்து போய்த் திரும்பி வருவாள். அப்புறம் ரபி சீட்டை வாங்கி, மறுபடி யாரும் பயன்படுத்த முடியாதபடி கிழித்துக் கோப்பில் வைத்துக்கொள்வார். விவாகரத்து ஆனதற்கு அவளுக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். எல்லாம் சேர்த்து ஒன்றிரண்டு மணி நேரம். கணவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், இடையில் ஒரு பிரதிநிதியை வைத்து வாங்கிக்கொள்ளவும் மதச் சட்டம் இடம் தருகிறது. இதை உங்கள் தோழிக்கு ஞாபகப்படுத்துங்கள். மிரட்டலுக்கு ஆளான பெண்கள் பலர் அந்த அறையில் அவனோடு உட்கார வேண்டும் என்று நினைத்தே தயங்குகிறார்கள்.

சரி, பெண்ணியமும் பக்தியும் எப்படி ஒரே ஆளிடம் என்று கேட்டீர்கள்.

எண்ணாகமம் 27-ல் ஐந்து சகோதரிகள் வருகிறார்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஆண்பிள்ளை இல்லாமல் செத்துப்போன செலொப்பியாத்தின் பெண்கள். “எங்கள் அப்பாவின் பங்கு எங்களுக்கு ஏன் இல்லை?” என்று மோசேக்கு முன்னால், ஆசாரியனுக்கும் சபைக்கும் முன்னால் வந்து நின்று கேட்கிறார்கள். மோசேக்குப் பதில் தெரியவில்லை, கடவுளிடம் கேட்கிறார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்கிறார் கடவுள். சட்டம் மாறுகிறது. உங்கள் தோழி சிறு வயதிலிருந்து வருடா வருடம் ஜெப ஆலயத்தில் வாசிக்கக் கேட்டு வளர்ந்த கதை இது. பெண் உரிமை கேட்பது வெளியிலிருந்து வந்த பழக்கம் என்று அவரிடம் சொன்னால் அவர் எப்படி ஒப்புக்கொள்வார்?

வேதத்தோடு அது நின்றுவிடவும் இல்லை. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு, பெண்ணை அவள் சம்மதம் இல்லாமலே தள்ளிவைக்கலாம், ஆண் மட்டும் தன் விருப்பத்தோடுதான் கெட் தருவான் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஏறக்குறைய கி.பி. 1000-த்தில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த ரபேனு கெர்ஷோம் என்ற ரபி அதில் பாதியை மாற்றினார் என்பது மரபு. மனைவி சம்மதிக்காமல் விவாகரத்து கூடாது, ஒருவனுக்கு இரண்டு மனைவி கூடாது, மீறினால் சமூக விலக்கு. அதற்கும் முன்பே, கல்யாணத்தில் எழுதும் ‘கெத்துபா’ ஒப்பந்தத்தில் மனைவிக்குத் தர வேண்டிய தொகையைக் கடனாக எழுதிவைத்தார்கள், அவளைத் தூக்கி எறிவது அவனுக்குச் சுலபமாக இருக்கக்கூடாது என்பதற்காக. கடலில் போனவன், போரில் போனவன் திரும்பாதபோது, மற்ற வழக்குகளில் இரண்டு சாட்சி கேட்கும் அதே சட்டம், கணவன் இறந்தான் என்பதற்கு ஒரே சாட்சி போதும், அவளே சொன்னாலும் ஏற்கலாம் என்று இறங்கி வந்தது. 2001-ல் நியூயார்க் இரட்டைக் கோபுரங்களில் உடல்கூடக் கிடைக்காமல் இறந்தவர்களின் மனைவிகளை விடுவிக்க, அமெரிக்க பேத் தின் அந்தப் பழைய சலுகை மரபை வைத்துத்தான் தீர்ப்பு எழுதியது.

அதனால்தான், “எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது” என்று சில ரபிகள் சொல்லும்போது உங்கள் தோழிக்குக் கோபம் வருகிறது. கை கட்டப்படவில்லை என்பதற்கு அவர்கள் படிக்கிற புத்தகத்திலேயே ஆதாரம் இருக்கிறது. எனக்கும் அதே கருத்துதான்.

அந்தப் புத்தகங்களைப் பெண்கள் எப்போது கையில் எடுத்தார்கள் என்று பார்த்தால் மீதியும் விளங்கும். போலந்தின் கிராக்கோவ் நகரில் தையல் வேலை செய்துவந்த சாரா ஷெனிரேர், 1917-ல் தன் தையல் அறையிலேயே சிறு பெண்களுக்கு வேத வகுப்பு தொடங்கினார். ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் மதப் படிப்பு என்றிருந்த கட்டுப்பெட்டியான சமூகம் அது. அந்தப் பள்ளி பெய்ஸ் யாக்கோவ் என்ற பெயரில் ஊர் ஊராகப் பரவியது. அவர் தன்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொண்டவரே இல்லை. ஆனால் படிக்கத் தொடங்கிய பெண் அடுத்து யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தால்முத்தைத் திறக்கிறாள், அதற்கடுத்து வாதாடுகிறாள். 1990-களில் இஸ்ரேலில் பக்தியுள்ள பெண்கள் முறையாகப் பயிற்சி பெற்று, தேர்வு எழுதி, ரபிகளின் நீதிமன்றத்திலேயே வழக்காடும் உரிமை வாங்கினார்கள். அகுணாப் பெண்களுக்காகப் பேசுவதே அவர்களில் பலருடைய முழுநேர வேலை. 1997-ல் அமெரிக்காவில் ப்ளூ கிரீன்பெர்க் முன்னின்று மதச் சட்டத்தைக் கறாராகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் யூதர்களுக்கான பெண்ணியக் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அடுத்த வருடம் இஸ்ரேலில் கோலெக் அமைப்பு வந்தது. நீதிபதி நாற்காலியில் இன்றும் ஆண்கள் மட்டும்தான் என்றாலும், அந்த நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பெண்களுக்கு இடம் ஒதுக்கி இஸ்ரேலில் 2013-ல் சட்டம் வந்தது. அதுவும் தானாக வரவில்லை, இந்தப் பெண்கள் கேட்டு வாங்கியது.

நம் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம், ஆண்கள் மட்டும் உட்கார்ந்து தலாக் வழக்குகளைத் தீர்க்கிற ஜமாத்தைப் பார்த்து, பெண்களுக்கென்று ஒரு ஜமாத்தையே தொடங்கினாரே, அவரை யாரும் “இஸ்லாத்தை விட்டு வந்துவிடுங்கள்” என்று சொல்லியிருந்தால் அது அவருக்கு உதவியாகவா இருந்திருக்கும்? உங்கள் தோழியும் அதே இனம். தன் வீட்டுக்குள் தனக்கு உரிய இடத்தைக் கேட்கிறார்.

இப்போது போலீஸ். இதில் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும்.

சட்டப்படி போகலாம். கணவன் மனைவியிடையே அடக்கி ஒடுக்கிக் கட்டுப்படுத்தும் நடத்தையை 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 76-ஆம் பிரிவு குற்றமாக்கியது. ஐந்து வருடம் வரை தண்டனை. 2021 குடும்ப வன்முறைச் சட்டத்தையொட்டி அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், கெட் மறுப்பதையும் அந்த வகைக் கொடுமைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. 2022-ல் லண்டன் சவுத்வர்க் கிரவுன் கோர்ட், கெட் மறுப்பையும் சேர்த்து மனைவியைக் கட்டுப்படுத்திய ஒருவருக்கு 18 மாதச் சிறை விதித்தது. ஆகவே “வீட்டில் உன் பங்கைக் கொடு, கெட் தருகிறேன்” என்பது குடும்பப் பேரம் என்று ஒதுக்கக்கூடிய விஷயமில்லை.

ஆனால் மதச் சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. கட்டாயப்படுத்தி வாங்கிய கெட் செல்லாது. பேத் தின் தீர்ப்பளித்து அதன்படி நெருக்கினால் செல்லும், யூதர் அல்லாத அதிகாரம் தானாக நெருக்கினால் செல்லாது என்பது மிஷ்னா காலத்து விதி. அதாவது, போலீசின் பயத்தில் அவன் சீட்டைக் கொடுத்துவிட்டால், பிறகு யாராவது ஒரு ரபி “இது கட்டாயக் கெட்” என்று கேள்வி கிளப்பலாம். உங்கள் தோழி மறுமணம் செய்து குழந்தை பெற்ற பிறகு அந்தக் கேள்வி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இந்தப் பயத்தைக் காட்டியே போலீசுக்குப் போகாதே என்று பெண்களை அடக்குகிறவர்களும் உண்டு, அதுவும் உண்மை. ஆகவே நான் என் கட்சிக்காரர்களுக்குச் சொல்வது இதுதான்: அவர் உயிருக்கோ பிள்ளைகளுக்கோ ஆபத்து என்றால் எதையும் யோசிக்காமல் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள், கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அவசர ஆபத்து இல்லை என்றால், முதலில் பேத் தின் கணவனை அழைத்து விசாரித்து, கெட் தர வேண்டும் என்று எழுத்தில் முடிவு சொல்ல வைக்க வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் பின்னால் வரும் எந்த நெருக்கடியும் பேத் தின்னின் முடிவுக்குப் பக்கபலமாக நிற்கும். எந்த வரிசையில் எதைச் செய்வது என்று சொலிசிட்டரும் பேத் தின்னும் பேசிக்கொள்வது நல்லது. ஒரு பேத் தின் இழுத்தடித்தால் வேறொன்றை அணுகலாம், லண்டனில் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. அதற்கு முன்பு, முதல் பேத் தின்னில் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

நான் முதலில் சொன்ன 2002 சட்டம் இந்த முடிச்சில் சிக்காமல் இருக்கும்படி எழுதப்பட்டது. அது அவனை “கெட் கொடு” என்று சொல்வதில்லை. “நீ மத விவாகரத்தை முடிக்காதவரை உனக்குச் சிவில் விவாகரத்தும் இல்லை” என்கிறது, அவ்வளவுதான். யூத சமூகத் தலைவர்களின் ஆதரவோடு வந்த சட்டம் அது. அவனுக்கு மறுமணம் செய்ய ஆசை இருந்தால் நன்றாக வேலை செய்யும். அந்த ஆசையே இல்லாமல், அவளைக் கட்டிவைப்பது மட்டும்தான் குறி என்றால் இது அவனை அசைக்காது. அதையும் முன்கூட்டியே தோழியிடம் சொல்லிவிட வேண்டும்.

பணப் பங்கீட்டு வழக்கிலும் கெட்டைக் கொண்டுவரலாம். 1969-லேயே இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில், மூன்று மாதத்துக்குள் கெட் தராவிட்டால் கணவன் மனைவிக்குக் கூடுதல் தொகை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. கனடாவில் கெட் தருவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டு 15 வருடம் இழுத்தடித்த ஒருவர், முன்னாள் மனைவிக்கு 47,500 டாலர் நஷ்டஈடு தர வேண்டும் என்று 2007-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்தப் பெண்ணுக்குக் கெட் கிடைத்தபோது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. மதத்துக்குள் இன்னொரு குடும்பம் அமைத்துக் குழந்தை பெறும் வருடங்கள் போய்விட்டன. அந்த இழப்பையும் சேர்த்துத்தான் நீதிமன்றம் கணக்கிட்டது.

வீட்டுப் பங்கை விட்டுக்கொடுத்துக் கெட்டை வாங்கிக்கொள்ளலாமா என்று உங்கள் தோழி ஒருநாள் கேட்பார். நிறையப் பெண்கள் அப்படித்தான் வெளியே வருகிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சொலிசிட்டர் பார்க்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. கெட் கைக்கு வருவதற்கு முன் பணமோ பங்கோ போகக் கூடாது. பிள்ளைகள் யாரிடம் இருப்பார்கள், எப்போது பார்ப்பார்கள் என்பதைப் பேரத்துக்குள் கொண்டுவரவே கூடாது. இதில் நான் எந்த விட்டுக்கொடுப்புக்கும் சம்மதிப்பதில்லை.

இஸ்ரேலில் இருந்தால் எளிதாக இருந்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1953 சட்டப்படி அங்கே யூதர்களின் திருமணமும் விவாகரத்தும் முழுக்க ரபிகளின் நீதிமன்றத்தின் கையில். 1995-ல் வந்த சட்டம் அந்த நீதிமன்றங்களுக்கு நல்ல ஆயுதங்களைக் கொடுத்தது: வெளிநாடு போகத் தடை, ஓட்டுநர் உரிமம் முடக்கம், வங்கிக் கணக்குக்குக் கட்டுப்பாடு, தொழில் உரிமம் பறிப்பு, கடைசியாகச் சிறை. இவற்றுக்குப் பயந்து கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, கெட் தர மறுத்துச் சிறைக்குப் போன ஒருவர் 32 வருடம் உள்ளேயே இருந்து, 1994-ல் சிறையிலேயே இறந்தார், கெட்டைக் கொடுக்காமலே. அவர் இறந்ததால்தான் அந்த மனைவிக்கு விடுதலை. கணவன் விருப்பத்தின்மேல் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கும்வரை எந்த ஆயுதமும் ஒரு எல்லைக்குமேல் போகாது. மதத்துக்குள் இருக்கும் பெண்கள் அந்த அடிப்படையையே தொட வேண்டும் என்று கேட்பது அதனால்தான். 2014-ல் சஃபேத் நகர ரபிகளின் நீதிமன்றம், விபத்தில் நினைவிழந்து எழவே முடியாமல் கிடந்த கணவனின் சார்பில் தானே கெட் தந்து ஒரு பெண்ணை விடுவித்தது. பெரிய ரபிகள் சிலர் எதிர்த்தார்கள். ஆனால் தீர்ப்பு நின்றது. துணிந்த நீதிபதிகள் இருந்தால் வழி பிறக்கிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் அவரிடம், “நான் அன்றைக்குச் சொன்னது தப்பு, எனக்கு விவரம் தெரியாது” என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இரவு வரை யூதர்களின் ஓய்வுநாள், அப்போது போன் பண்ணாதீர்கள், மெசேஜும் வேண்டாம். அப்புறம், உட்கார்ந்து கேளுங்கள். கணவர் அனுப்பிய மெசேஜ்கள், குரல் பதிவுகள், மின்னஞ்சல்கள், “வீட்டைக் கொடுத்தால் கெட்” என்று சொன்ன தேதிகள், இவற்றை ஒரே இடத்தில் சேர்த்துவைக்க உதவுங்கள். வாட்ஸ்அப்பில் இருப்பதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அவர் கணவருக்குக் கடவுச்சொல் தெரியாத ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். பேத் தின்னுக்கும் சரி, கோர்ட்டுக்கும் சரி, இந்தக் கோப்புதான் அடித்தளம். பேத் தின் போகிற நாளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். அதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. ‘ஜூயிஷ் விமன்ஸ் எய்ட்’ என்ற அமைப்பு பிரிட்டனில் யூதப் பெண்களுக்குக் குடும்ப வன்முறை விஷயத்தில் ஆலோசனை தருகிறது. அவருடைய மத வாழ்க்கையை விளக்கிச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய அவசியம் அங்கே இருக்காது.

செய்யக் கூடாததும் இருக்கிறது. கணவரின் பெயரையும் படத்தையும் ஃபேஸ்புக்கில் போட்டு அம்பலப்படுத்தும் வேலை உங்களுடையது இல்லை. மறுக்கிற கணவனை சமூகம் ஒதுக்கிவைப்பது யூத மரபிலேயே உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ரபேனு தாம் என்ற ரபி வகுத்தது: அவனோடு வியாபாரம் இல்லை, விருந்து இல்லை, ஜெப ஆலயத்தில் மரியாதை இல்லை. இன்றும் பேத் தின்கள் அப்படி அறிவிப்பு வெளியிடுகின்றன. ஆனால் அதை அவர்கள் முறைப்படி அறிவிக்க வேண்டும். 2024-ல் நியூயார்க் மாநிலத்தின் கிரியாஸ் ஜோயல் ஊரில், நான்கு வருடமாகக் கெட் கிடைக்காத ஒரு பெண்ணுக்காக கட்டுப்பாடு மிகுந்த ஹசிதிய யூதப் பிரிவின் மனைவிகள் நூற்றுக்கணக்கில் ஒன்று சேர்ந்தார்கள். மாதவிலக்குக்குப் பின் கணவனோடு சேர்வதற்கு முன் முழுக்குப் போட மிக்வா என்ற சடங்குக் குளத்துக்குப் போவது அவர்களுடைய கடமை. வெள்ளிக்கிழமை இரவுகளில் போக மாட்டோம் என்று அறிவித்துவிட்டார்கள். அந்த ஊரின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அந்தப் பேச்சு நுழைந்தது. அதற்கான உரிமையும் தைரியமும் அவர்களுடையது. வெளியாளான நீங்களோ நானோ அவர்களுக்காக அதைச் செய்ய முடியாது. இன்னொன்று, யாராவது “ஆளை வைத்து மிரட்டி வாங்கித் தருகிறேன்” என்று வந்தால் கிட்டே சேர்க்க வேண்டாம். அமெரிக்காவில் கணவர்களைக் கடத்தி அடித்துக் கெட் வாங்கித் தந்த கும்பலை 2013-ல் எஃப்.பி.ஐ. பிடித்தது, தலைவனாக இருந்த ரபிக்குப் பத்து வருடச் சிறை.

தங்கையின் கல்யாணத்தைப் பற்றி ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். அது மிக முக்கியம். அமெரிக்காவில் 1994-லிருந்து ரபி மொர்தெக்காய் வில்லிக் வடிவமைத்த ஒரு முன்திருமண ஒப்பந்தம் புழக்கத்தில் இருக்கிறது. பிரிந்த பிறகும் மத விவாகரத்து ஆகாதவரை, கணவன் மனைவிக்குத் தினமும் 150 டாலர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்பது அதன் சாரம். மனைவியைப் பராமரிப்பது கணவனின் கடமை என்ற பழைய மதச் சட்டத்தின்மேல் கட்டப்பட்டதால் அதைக் கட்டாயம் என்று எளிதில் தள்ள முடியாது. லண்டனிலும் இப்படி ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள், ஆனால் வாசகமும் பலமும் அமெரிக்காவில் உள்ளதுபோல் இருக்காது. எனவே தங்கை தன் ரபியிடம் கேட்டு வாங்கிய நகலை ஒரு சொலிசிட்டரிடம் காட்டட்டும். மாப்பிள்ளையும் தனியாக ஒரு சொலிசிட்டரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால்தான் பின்னால் கோர்ட்டில் மதிப்பு இருக்கும். கல்யாணத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே இதை முடித்துவிட வேண்டும். கல்யாண வாரத்தில் நீட்டினால் மாப்பிள்ளை வீட்டில் “எங்களை நம்பவில்லையா” என்று பேச்சு கிளம்பும், கடைசி நேரத்தில் அழுத்தம் கொடுத்து வாங்கியது என்று கோர்ட்டிலும் வாதம் வைக்க இடமாகும். தங்கையிடம் இதைப் பேசச் சரியான ஆள் உங்கள் தோழிதான். அவர் தயங்கினால், இந்தப் பதிலை அவரிடமே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.